டீச்சருக்குப் பாடம் எடுத்த பொறும் அண்ணாச்சி

குற்றாலத்துப் பேரருவிகூட என்றைக்காவது ஒரு நாள் அவசரப்பட்டு விழுந்திருக்கும். பொறும் அண்ணாச்சி அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. கிளம்பும் பஸ்ஸுக்கு ஓடமாட்டார். மழை பிடித்தால் நனைந்துகொண்டே நடப்பார். ஒருமுறை பீடியின் பொறி விழுந்து அவர் வேட்டி புகைய ஆரம்பித்தது. நான் "ஐயோ, தீ! தீ!" என்று ஸ்டூலைவிட்டு எகிறினேன். அவர் குனிந்து, "பொறும்வே. புகை எங்கன இருந்து வருதுன்னு மொதல்ல பாப்போம்" என்றார். பார்த்து முடிப்பதற்குள் வேட்டியில் ஒரு கை போகிற அளவுக்கு ஓட்டை.

அவருடைய இயற்பெயர் யாருக்கும் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் முதலில் "பொறும்" என்பார், அதுவே பெயராகிவிட்டது. தொழில், குதிரை பழக்குவது.

என் தொழில் பயப்படுவது. சம்பளத்துக்காகக் குற்றாலத்தில் இருபத்து நாலு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜில் மேனேஜராகவும் இருக்கிறேன். பல்லி, கேஸ் சிலிண்டர், மத்தியானத்தில் திடீரென்று அடிக்கும் போன், எதுவானாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும். இது வேறு ஒன்றுமில்லை, கடைசி அட்டாக்தான் என்று தீர்ப்பு எழுதிக்கொண்டு, ஆட்டோ பிடித்துத் தென்காசியில் ஒரு கிளினிக்குக்கு ஓடுவேன். அங்கே இ.சி.ஜி. எடுக்கும் நர்சுக்கு என் மார்பிலுள்ள மச்சங்கள் மனப்பாடம்.

ஆனி, ஆடிச் சாரலில் குற்றாலத்தைப் பார்த்திருப்பீர்கள். மாசி, பங்குனியில் பார்த்திருக்கமாட்டீர்கள், பார்க்கவும் வேண்டாம். ஐயப்பசாமிகளும் தையோடு கிளம்பிவிட, அருவி பாறையில் வியர்வை மாதிரிக் கசியும். பழக்கடைகள் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். பிடுங்கித் தின்ன ஒரு ஆள் கை இல்லாமல் குரங்குகளே மலையேறிவிடும். என் மேசைக்குப் பின்னால் இருபத்து நாலு சாவிகளும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். மகள் பிரசவத்துக்காக என் மனைவி பெங்களூர் போனாள். அந்தப் பேரன் இப்போது சைக்கிள் ஓட்டுகிறான். "இந்தா வாரேன், அடுத்த மாசம் வாரேன்" என்கிறாள். ஒருநாள் மத்தியானம் இன்டர்காமில் ஏழாம் நம்பர் அறைக்குப் போன் போட்டு, அது காலியாக மணியடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாராவது எடுத்திருந்தால் அங்கேயே உயிர் போயிருக்கும், அது வேறு விஷயம்.

அப்படி ஒரு மாசி மாதத்தில்தான் குதிரை வந்தது.

எங்கள் முதலாளி துபாயில் இருபது வருஷம் கடை நடத்திவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியவர். சீசனில் பிள்ளைகளை ஏற்றவும், கல்யாண ஊர்வலத்துக்கு விடவும் ஆகும் என்று எங்கேயோ ஒரு பழுப்புப் பெண் குதிரையை வாங்கி, மினி லாரியில் அனுப்பிவிட்டார். லாரியிலிருந்து அது இறங்கியதே ஒரு கலவரம். பலகையை உதைத்து உடைத்தது. 'வாகனங்கள் நிறுத்துமிடம்' போர்டை வளைத்தது. கடைசியில் லாட்ஜின் கார் ஷெட்டுக்குள் புகுந்து மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு நடுங்கியது. பின்னந்தொடையில் பழைய அடிகளின் தழும்பு. நான் ரிசப்ஷனைப் பூட்டிக்கொண்டு உள்ளே நடுங்கினேன். ஒரே கட்டடத்தில் இரண்டு பேர்.

பழக்க வந்த முதல் ஆள் இரண்டாம் நாளே கையில் கட்டோடு போனார். அடுத்து வந்தவர்தான் பொறும் அண்ணாச்சி. ஊர் வீரகேரளம்புதூர்ப் பக்கம் என்றார். ஒரு துணிப்பை, ஒரு செய்தித்தாள். அவ்வளவுதான் சாமான்.

முதலாளி கறாராகச் சொன்னார்: "மே மாசக் கடைசியில எங்க அக்கா மவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையச் சொமந்துக்கிட்டு, பேண்டு செட்டோட தென்காசி பஜார்ல இது ஒழுங்கா நடந்துட்டுன்னா இங்கனயே இருக்கட்டும், நீரும் இரும். இல்லன்னா மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு கேக்காரு, குடுத்துருவேன். அவரு சவுக்கடியிலயே ஒரு மாசத்துல வழிக்குக் கொண்டாந்துருவாராம்."

அண்ணாச்சி தழும்பைப் பார்த்தார். "பொறுங்க முதலாளி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஷெட்டுக்குள் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தார். அடுத்த நாளும் அதே பக்கெட், அதே முதுகு, அதே பேப்பர். நான் ஜன்னல் வழியாகப் பார்த்து, முதலாளி காசை இப்படியும் கரைக்கலாமா என்று வியந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் குதிரை மூலையிலிருந்து தலையைத் திருப்பியது. ஆறாம் நாள் ஓசைப்படாமல் வந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, ராசிபலன் பக்கத்தைக் கடித்துக் கிழித்தது.

உடனே எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இப்பத்தானே பக்கத்துல வந்துது? அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்க?"

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்னு அவளுக்குத் தோணுதப்பவே பாடத்த முடிச்சிரணும்வே. போதும்னு தோணுனதுக்கப்புறம் முடிச்சா, நாளைக்கு எதுக்கு வருவா?"

அதோடு குதிரைக்குப் பெயரும் வைத்தார். "எதக் காட்டுனாலும் தலையச் சாச்சு, நோட்டுத் திருத்துத மாதிரியே பாக்கா பாரும். டீச்சர்."

பிறகு தினம் ஒரு பொருள். ஒருநாள் மடக்கிய குடை. மறுநாள் கால்வாசி திறந்த குடை. முழுசாகத் திறக்க ஒரு வாரம். பத்து நிமிஷத்துக்கு மேல் எந்தப் பாடமும் கிடையாது; டீச்சருக்குப் பிடிக்காவிட்டால் அவர்தான் பொருளைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குவார். கயிற்றை ஒருநாளும் வெட்டி இழுத்ததில்லை. சில நாள் மூன்று பொருள்களைத் தரையில் பரப்பி, "எது வேணும்?" என்று அவளையே கேட்பார். பார்த்ததையே காட்டினால் அலுத்துவிடும் என்பதால் புதுசு புதுசாகத் தேவைப்பட்டது. முதுகில் பாரம் பழகத் தலையணை போயிற்று. மேசை மணி போயிற்று. நாள்காட்டி போனதில் எனக்கு ஒரு வாரம் கிழமை தெரியவில்லை. அந்த வெயிலிலும் அறை கேட்டு வந்த ஒரே புது ஜோடி, "பாத்ரூம்ல பக்கெட் இல்லையே" என்று இறங்கி வந்து கேட்டது.

"குதிரைட்ட இருக்கு. பாத்து முடிச்சதும் குடுத்துரும்" என்றேன். அவர்கள் சாயங்காலமே காலி செய்துவிட்டார்கள்.

நான் சும்மா இருக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டேன். "அண்ணாச்சி, உங்களுக்குச் சொந்தம்னு யாரு இருக்கா?"

"பொறும், யோசிச்சுச் சொல்லுதேன்."

ஒரு மாதம் கழித்து டீச்சரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "அன்னைக்குக் கேட்டீரே, சொந்தம் யாருன்னு. யோசிச்சுப் பாத்தேன். இல்ல." மறுபடி முதுகு தேய்க்கப் போய்விட்டார்.

அதன் பிறகு தினம் நாலு மணி டீயை நான்தான் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டிருப்பார். முதல் நாள் டீச்சர் மூக்கால் சீறினாள். நான் டீயோடு எகிறி வேப்பமரத்தடியில் போய் விழுந்தேன். நான் எகிறியதில் அவள் எகிறினாள். அவள் எகிறியதில் நான் இன்னொரு தடவை எகிறினேன்.

"பொறுங்க, ரெண்டு பேரும் பொறுங்க" என்றார் அண்ணாச்சி.

மறுநாளும் போனேன். எனக்கும் வேறு எங்கே போக இருக்கிறது? ஸ்டூலை அவர் தினம் ஒரு சாண் உள்ளே நகர்த்தி வைத்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு மாதம் போனபின் பார்த்தால் டீச்சரின் மூச்சு என் காதில் அடிக்கிறது. நான் அலறினேன். அவள் அசையவில்லை. காதுகளை முன்னால் நீட்டி, இது அடுத்து என்ன செய்யும் என்று ஆவலோடு காத்திருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அண்ணாச்சி! குடை, பக்கெட்டு வரிசையில என்னையும் வச்சிட்டீங்களா?"

"கோவப்படாதியும். குடை தன்னால துள்ளாது. பக்கெட்டு கத்தாது. நீரு எப்பத் துள்ளுவீரு, எப்பக் கத்துவீருன்னு உமக்கே தெரியாது. அலுக்கவே அலுக்காத பாடம்வே நீரு."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மூன்றே முக்காலுக்கே டீயோடு போய்விட்டேன். ஐம்பத்திரண்டு வருஷத்தில் என்னை அலுக்காத ஆள் என்று யாரும் சொன்னதில்லை. என் மனைவி உள்பட.

கல்யாணம் வந்தது. பஜார் முனையில் பேண்டு செட் முழங்க, கோட்டு சூட்டில் விறைத்துப்போன மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு டீச்சர் நின்றாள். கயிறு அண்ணாச்சி கையில் தொய்வாகக் கிடந்தது. "டீச்சருக்குப் பழகின மூஞ்சி ஒண்ணு கூட வேணும்" என்று என்னை இடப்பக்கம் நடக்கவிட்டார். மலைக்கு அந்தப் பக்கத்து ஆளும் வந்திருந்தார், வெள்ளைச் சட்டையில், முதலாளிக்குப் பக்கத்திலேயே. எனக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தழும்பு ஞாபகம் வந்தது.

டிரம்பெட்டுக்கு டீச்சர் கலங்கவில்லை. போட்டோகிராபர் விளக்கைத் தலை சாய்த்துப் பார்த்தாள். ஐஸ்கிரீம் வண்டியை முகர்ந்தாள். பாதி பஜார் தாண்டியாயிற்று. அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரிக்கப்போனார். அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் சேக்காளிகள் என் காலடியில் ஒரு சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள்.

டீச்சர் மிரளவில்லை. நான் மிரண்டேன்.

முதல் வெடியிலேயே ஓட ஆரம்பித்துவிட்டேன். நெஞ்சு காதில் அடித்தது. கால்கள் என்னைக் கேட்காமலே, தெரிந்த ஒரே வழியில், கிளினிக் இருக்கும் சந்துக்குள் திரும்பின. பின்னால் டக் டக் என்று குளம்புச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். காதுகளை நீட்டிக்கொண்டு நிதானமாக வேகநடை போட்டு வருகிறாள் டீச்சர். மேலே மாப்பிள்ளை, "மாமா! மாமா!" என்று கத்துகிறான். பக்கத்தில் தொய்ந்த கயிற்றோடு அண்ணாச்சி. மாப்பிள்ளை போகிற பக்கம்தானே ஊர்வலம் போகவேண்டும்? பேண்டு செட் வாசித்துக்கொண்டே சந்துக்குள் திரும்பியது. பேண்டுக்குப் பின்னால் மொத்தக் கல்யாணமும்.

நான் கிளினிக் பெஞ்சில் விழுந்து சட்டைப் பித்தானைக் கழற்றினேன். நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாங்க மேனேஜர் சார். இன்னிக்காவது கூட யாரும் வந்திருக்காங்களா?" என்றவள் வாசலைப் பார்த்தாள். "ஆத்தி! ஒரு எரநூறு பேரு வந்திருக்காவ!"

டீச்சர் கழுத்துவரை உள்ளே நீட்டி, இ.சி.ஜி. மெஷின் கீச்சிடுவதைத் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் ரிப்போர்ட் வழக்கம்போல நார்மல். மண்டபத்தில் நிக்காஹ் ஓதவேண்டிய ஹஜ்ரத் மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது.

முதலாளி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "கயித்த இழுத்து நிறுத்தத் தெரியாதாவே உமக்கு?"

"இழுத்திருக்கலாம் முதலாளி. ஆனா அவளே ஆசப்பட்டுப் பாக்கப் போறா. நான் எப்படித் தடுக்கது?"

முதலாளி அவரைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், சட்டையில்லாமல் கிடந்த என்னைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "யா அல்லாஹ்! குதிரை மிரளல. நம்ம மேனேஜருதான் மிரண்டிருக்காரு! சொன்ன சொல்லு சொல்லுதான். இங்கனயே இருக்கட்டும்."

வெள்ளைச் சட்டைக்காரர் கிளம்பிப் போனார். நான் வயர்களோடு எழுந்து அண்ணாச்சியைக் கட்டிக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

ஊர்வலத்துக்குப் பின்னால் சிக்கிய ஒரு காரிலிருந்து இறங்கி, நடந்ததெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார் ஒரு டாக்டரம்மா. பெண் வீட்டுக்குச் சொந்தம். பாளையங்கோட்டைப் பக்கம், பேச்சு வராத, சின்னச் சத்தத்துக்கும் மிரண்டு ஓடுகிற பிள்ளைகளுக்காக ஒரு இடம் நடத்துகிறவர்.

"ஒரு ஆள் பயந்து ஓடுனா குதிரையும் சேர்ந்து மிரளும், இல்லாட்டி எதிர்ப்பக்கம் ஓடும். இது என்னன்னு பார்க்கப் பின்னாலயே வருதே! எப்படிப் பழக்குனீங்க?"

"பாடம் நல்ல பாடம்மா" என்று அண்ணாச்சி என்னைக் காட்டினார்.

அந்தப் பிள்ளைகளோடு பழகவிடவேண்டும் என்று டாக்டரம்மா முதலாளியிடம் குதிரையைக் கேட்டார். முதலாளி தலையைச் சொறிந்தார். "இருக்கட்டும்னு வாக்குக் குடுத்துட்டேன். போணுமா வேண்டாமான்னு இவருதான் சொல்லணும். போனா ரெண்டு பேருமாத்தான் போணும்."

"பொறுங்க. டீச்சரைக் கேட்டுச் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி.

அவர் கேட்கும் முறை உங்களுக்குத் தெரியும். அந்தப் பெரிய டாக்டரம்மா லாட்ஜில் ரூம் எடுத்து, கார் ஷெட்டில் கவிழ்த்த பக்கெட்டில், முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதல் நாள் டீச்சர் கண்டுகொள்ளவில்லை. எனக்கு உள்ளூர ஒரே குஷி. இரண்டாம் நாள் காதைத் திருப்பினாள். எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் நான் ஒரு கேவலமான காரியம் செய்தேன். டீச்சர் டாக்டரம்மாவை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்ததும், வாசலில் நின்று "ஐயோ! பாம்பு! பாம்பு!" என்று கத்திக்கொண்டு குதித்தேன். பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயமே இல்லாமல் பயந்தேன். டீச்சர் நின்றாள். தலையைச் சாய்த்து என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தாள். நோட்டில் காப்பியடித்ததைக் கண்டுபிடித்த பார்வை. பிறகு திரும்பிப் போய் டாக்டரம்மாவின் தோளில் தாடையை வைத்தாள்.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. அன்றைக்கு நாலு மணி டீயை அவரே போட்டுக் கொண்டுவந்து ரிசப்ஷனில் வைத்தார். பழக்கமில்லாத டீ. உப்பா சர்க்கரையா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் குடித்தோம்.

ஆனி பிறக்கும் முன் கிளம்பினார்கள். டாக்டரம்மா வண்டி அனுப்புகிறேன் என்றதற்கு, "லாரிப் பாடம் இன்னும் எடுக்கலம்மா. நடந்தே வாரோம். ஒரு வாரம் ஆனா ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

நான் தென்காசிவரை வழியனுப்புவதாகத்தான் ஏற்பாடு. ரயில்வே கேட்டில், ரோடு கொஞ்சம் மோசம், அது தாண்டட்டும் என்றேன். அடுத்த ஊரில், இங்கே நாய் அதிகம் என்றேன். பாவூர்ச்சத்திரத்தில் எந்தக் காரணமும் கிடைக்காமல் சும்மா நடந்தேன். அதற்கு அப்பால் வந்தபோது முதலாளி போன் செய்தார்.

"ஏ மேனேஜரு, எங்கன போய்த் தொலைஞ்சீரு? சாரல் விழுந்தாச்சு, நாலு பேரு ரூம் கேட்டு வந்து நிக்காவ!"

"இந்தா வந்துட்டேன் முதலாளி" என்றேன். சாலைக்கு வலப்புறம் வயலுக்கு நடுவில் ஒரு காற்றாலை, கணவாய்க் காற்றுக்குச் சுற்ற ஆரம்பித்திருந்தது. டீச்சர் அவ்வளவு பெரிய ஒன்றைப் பார்த்ததே இல்லை. நடுச்சாலையிலேயே நின்றுவிட்டாள். கயிறு தொய்ந்தது.

"பாக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. "அவ பாத்து முடிச்சதும் நாங்க அங்கிட்டுப் போறோம். நீரு பஸ் ஏறிரும்."

"சரி அண்ணாச்சி."

இறக்கைகள் சுற்றின. டீச்சர் ஒருபக்கமாகத் தலை சாய்த்தாள், பிறகு மறுபக்கமாக. தென்காசி பஸ் ஒன்று ஹாரன் அடித்து நின்று, நான் கையசைத்ததும் போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அண்ணாச்சி சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, தள்ளி எனக்கும் இடம் விட்டார். மூன்றாவது பஸ் வந்தபோது டீச்சர் பெருமூச்சு விட்டு, காலை எடுத்து வைத்தாள்.

எனக்கென்னவோ, அன்றைக்கு அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம்.